கடலில் குதிக்காதவர்கள்

படங்கள் வாய் திறக்காத காலத்தில் அவற்றுக்கு வாயாக இருந்தவன் நான். கண்டியில், வாவியிலிருந்து கூப்பிடு தூரத்தில், தகரக் கூரை போட்ட பயஸ்கோப் கொட்டகை ஒன்று இருந்தது. திரைக்கு இடது பக்கத்தில் ஒரு பெட்டியின் மேல் ஏறி நின்று, திரையில் இங்கிலீசில் வரும் எழுத்துகளைப் படித்து, சனங்களுக்குத் தமிழில் கதை சொல்வது என் வேலை. கதாநாயகன் பேசுவது நான். வில்லன் உறுமுவது நான். கதாநாயகி விம்முவதும் நான்தான், அதற்கு ஏன் சிரிக்கிறீர்கள்? குதிரை கனைத்தால் அதுவும் நான். மழை பெய்தால் மட்டும் கூரை என்னைவிடச் சத்தமாகப் பேசும். கண்டியில் எப்போதுதான் மழை இல்லை? அந்தக் கூரையோடு நான் போட்ட சண்டை கொஞ்சநஞ்சமல்ல.

“வாயுள்ள பிள்ளை பிழைக்கும்” என்று எங்கள் ஊரான வத்தேகமையில் என் அம்மா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிப் பெருமைப்படுவாள். பிழைத்தேன், உண்மைதான். ஆனால் பிழைக்க வைத்த அதே வாய், ஒரே ஒரு மனிதருக்கு முன்னால் போனால் மட்டும் பூட்டுப் போட்டுக்கொள்ளும். அந்தக் கூத்தைத்தான் சொல்ல வந்தேன்.

திரைக்கு வலது பக்கத்தில் பியானோ. அதை வாசித்தவள் ஒரு பறங்கிப் பெண். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் இந்தத் தீவில் பெண் கட்டிப் பெருகிய வம்சத்தைத்தான் பறங்கியர் என்போம். வீட்டில் இங்கிலீசு பேசுவார்கள், பாதிப் பேர் ரெயில்வேயில் இருப்பார்கள். இவளுடைய தகப்பனும் கடுகண்ணாவை ஏற்றத்தில் எஞ்சின் ஓட்டுகிற ட்ரைவர். நான் அளவு மீறி வர்ணித்தால் இவள் கட்டைகளைத் தடதடவென்று தட்டி என் வாயை அடைப்பாள். நான் விடுவேனா? இன்னும் உரக்கக் கத்துவேன். சனங்கள் படத்தை விட்டுவிட்டு எங்கள் இருவரையும் பார்ப்பார்கள். சண்டையில் தொடங்கியது எப்போது வேறொன்றாக மாறியதென்று எனக்கே தெரியாது. தெரிந்தபோது கழுத்துவரை முழுகியிருந்தேன்.

அவள் தமிழ் கற்றதும் என்னிடமிருந்துதான். உட்காரவைத்துக் கற்பிக்கவில்லை, மாலைதோறும் பியானோவுக்கு முன்னால் இருந்து கேட்டுக் கேட்டே பிடித்துக்கொண்டாள். ஆகவே அவளுக்குத் தெரிந்த தமிழெல்லாம் கதாநாயகித் தமிழும் வில்லன் தமிழும்தான். மீன்காரன் விலையைக் கூட்டிச் சொன்னால், “துரோகியே! உன் வஞ்சகம் பலிக்காது!” என்பாள். மீன்காரன் கூடையோடு பின்வாங்குவான். தேத்தண்ணீர் வேண்டுமென்றால், “தாகத்தால் துடிக்கிறேன், நாதா” என்பாள். அர்த்தம் தெரியாமல் சொல்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். தெரிந்தேதான் சொல்கிறாள் என்று ஒருநாள் புரிந்தபோது, ஐயோ, வாவியைச் சுற்றி ஓடாத குறைதான்.

என் வீட்டுப் பக்கம் பெரிய யுத்தத்தை எதிர்பார்த்தேன். அம்மா கேட்டது ஒரே கேள்வி: “பறங்கிப் பொண்ணா? சோறு வடிக்கத் தெரியுமாடா?” தெரியாது என்றேன். பியானோவைத் தட்டி என் வாயை அடக்குவாள் என்று மட்டும் சொன்னேன். அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள். “ஒன் வாயவா? என்னால முடியாதது அவளால முடியுதா? அப்ப கூட்டிட்டு வா, சோத்த நான் வடிச்சுக்கிறேன்” என்றாள்.

சிக்கல் எஞ்சின் ட்ரைவர்தான். கொழும்பிலிருந்த தன் அக்காவின் மகனுக்கு இவளைக் கொடுப்பதென்று அவர் பேசி வைத்திருந்தார். பையன் கிளார்க், நல்ல சம்பளம், தலையில் பாதி முடி இல்லை என்று இவள் சொன்னாள். அடுத்த மாதம் அத்தைக்காரி வந்து இவளைக் கையோடு கூட்டிக்கொண்டு போவதாக ஏற்பாடு. போனால் போனதுதான்.

“கோழையே!” என்றாள் என்னிடம், பியானோ மூடியை அறைந்து சாத்தி. “என் தந்தையிடம் உன் உள்ளத்தைத் திற! ஊரே கேட்க முழங்குகிறாய், ஒருவரிடம் பேச நா எழவில்லையா?”

எழவில்லையே! ஸ்டேசனுக்குப் போனேன். எண்ணெய்க் குவளையும் கையுமாக எஞ்சினுக்குப் பக்கத்தில் நின்றார். முகமெல்லாம் கரி, மீசை மட்டும் துருத்திக்கொண்டிருந்தது. நான் வாயைத் திறந்தேன். வந்தது இதுதான்: “மாத்தளை ரெயில் எத்தன மணிக்குங்க?”

“பலகையில எழுதியிருக்கு. வாசிக்கத் தெரியாதா?” என்றார். எஞ்சினுக்குக் கரி அள்ளிப் போடுகிற தமிழ் ஆட்களோடு காலமெல்லாம் வேலை செய்தவர். தமிழ் தண்ணீர் பட்ட பாடு. ஊருக்கே வாசித்துக் காட்டுகிறவனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது? ஆனாலும் “சரிங்க” என்று திரும்பி வந்தேன். வாயில் கொழுக்கட்டை.

நான் பயந்ததற்குக் காரணம் இருந்தது. கலப்புக் கலியாணம் பற்றி அவருடைய அபிப்பிராயம் ஸ்டேசன் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் உட்காரும் எல்லோருக்கும் தெரியும். அந்தக் கடை அக்குறணையிலிருந்து வந்த ஒரு முஸ்லிம் வியாபாரியுடையது. நாங்கள் எல்லோரும் அவரை நானா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவோம். ஆட்டம் முடிந்தால் சனங்கள் அங்கேதான் கூடுவார்கள், படத்தை மறுபடி ஒருமுறை வாயால் ஓட்ட.

எங்கள் கொட்டகைக்கு வந்த காதல் படங்களுக்கு ஒரு விதி உண்டு. வெள்ளைக்காரன் கப்பலில் வருவான். ஏதோ தீவில் ஒரு கறுத்த பெண்ணைக் காண்பான். நிலா காயும், கட்டிப்பிடிப்பான், கடைசியில் அவள் செத்துப்போவாள். பாம்பு கடிக்கும், இல்லாவிட்டால் ஈட்டி குத்தும்; ஒன்றும் அகப்படாவிட்டால் எரிமலை இருக்கவே இருக்கிறது. அவன் தொப்பியைக் கழற்றி அழுதுவிட்டு, ஊரில் காத்திருக்கும் வெள்ளைக்காரியிடம் போய்ச் சேருவான். எத்தனை பெண்களை என் வாயாலேயே கொன்றிருப்பேன்! சரி, கறுத்த ஆண் ஒருவன் வெள்ளைத்தோல் பெண்ணை விரும்பினால்? அவன் வில்லன். அந்தக் கணக்கில் நான் யார் என்று யோசித்துப் பாருங்கள், அவரிடம் பெண் கேட்கப் பயப்படாமல் என்ன செய்வேன்?

அந்த மாதம் வந்த படமும் அதே அச்சு. மாலுமி, தீவு, தீவுத் தலைவனின் மகள். மாலுமி முழங்காலில் நின்று பெண் கேட்கிறான், தலைவன் மாட்டேன் என்கிறான், அவள் பாறையில் ஏறிக் கடலில் குதிக்கிறாள். முதல் நாளே கலரியில், அதாவது மலிவு டிக்கெட்டுக்காரர் உட்காரும் வாங்குப் பலகைகளில், மூக்குச் சிந்தாதவர் இல்லை. ஒரு தேயிலைத் தோட்டத்து அம்மாள் மட்டும் அழவில்லை. மாலுமி கரையில் விழுந்து புரளும்போது எழுந்து நின்று கையை நீட்டினாள். “இவன் என்னா அழுவ அழுவுறான்! எங்க தொர கப்பலேறுனப்ப ஒரு சொட்டு வுடலியே. அவரு விட்டுட்டுப் போனவ இன்னும் தோட்டத்து லயத்துலதான் கெடக்குறா, புள்ளையோட.” எனக்கு அடுத்த வசனம் மறந்துபோயிற்று. பியானோதான் என்னைக் காப்பாற்றியது.

இரண்டாம் நாள்தான் பூகம்பம். ஆட்டம் முடிந்ததும் இவள் என்னைப் பிடித்திழுத்தாள். திரைக்குக் கீழேயே உட்காருகிறவள் அல்லவா, யார் கண்ணுக்கும் படாதது இவள் கண்ணுக்குப் பட்டிருந்தது. “நாதா, மர்மம் ஒன்று கண்டேன்! அவன் அவளைத் தழுவினான். விட்டான். அவன் வெண்ணிற ஆடையில், இதோ இங்கே, கறை!” என்று என் தோளைத் தொட்டுக் காட்டினாள். “அவள் தீவுப் பெண் அல்ல. சாயம் பூசிய வெள்ளைக்காரி!”

இதை வைத்துக்கொண்டு நான் சும்மா இருப்பேனா? மறுநாள் அந்த இடம் வந்ததும், “சகோதர சகோதரிகளே, மாலுமியின் தோளைப் பாருங்கள், தோளை!” என்று கத்தினேன். அடேயப்பா! கொட்டகை இரண்டாகப் பிளந்தது. “சாயம்!” என்று பாதி. “கரி! கப்பல் கரி!” என்று மீதி. அதற்கப்புறம் படத்தை யார் பார்த்தார்கள்? தோளைப் பார்க்கத்தான் சனம் வந்தது. அக்குறணையிலிருந்து பஸ் பிடித்து வந்தார்கள். வத்தேகமையிலிருந்து என் அம்மாவும் வந்தாள், என்னைப் பார்க்க அல்ல, கறையைப் பார்க்க. சந்தையில் மரக்கறி நிறுக்கும்போதுகூட “நீங்க சாயமா, கரியா?” என்றுதான் கேட்டார்கள்.

நானா சாயக் கட்சியின் தலைவர். “வெள்ளக்காரனும் வெள்ளக்காரியும் கட்டிப்புடிக்கிறத்துக்கு நாங்க என்னத்துக்கு அழுற?” என்று தேத்தண்ணியை உயரத் தூக்கி ஆற்றினார். “கறுத்தப் புள்ளயத் தொட அவங்களுக்கே மனமில்ல. அதான் சொந்தப் புள்ளக்குக் சாயம் பூசிக் கொண்டந்து, கடசீல அதையும் மவுத்தாக்குறாங்க!”

எஞ்சின் ட்ரைவர் கரிக் கட்சி. படம் பார்க்காமலே கரிக் கட்சி. கோப்பையை மேசையில் தட்டி வைத்தார். “அவ நெசமான தீவுக்காரிதான். படம் சரியாத்தான் காட்டுது. வேற வேற ரத்தம் சேந்தா சாவுதான். மாட்டுவண்டிச் சில்ல எஞ்சினுக்குப் போட்டா ஓடுமா?”

நான் மூலையில் உட்கார்ந்திருந்தேன். மாட்டுவண்டிச் சில்லு என்றால் நான்தானே? கையிலிருந்த வடையைத் தட்டிலேயே வைத்துவிட்டேன்.

நானா ஆற்றுவதை நிறுத்தினார். ட்ரைவரை அவர் எப்போதும் மாத்தயா, சிங்களத்தில் ஐயா, என்றுதான் கூப்பிடுவார். “மாத்தயா, கோவிக்க வாணாம், ஒண்டு கேக்கவா? எங்கட மூத்தவங்க அரபு நாட்டால கப்பல்ல வந்து இங்க கலியாணம் முடிச்சவங்க. ஒருத்தியும் கடல்ல பாயல்ல. பாஞ்சீந்தா இந்தத் தேத்தண்ணிய ஆரு ஊத்துற? ஒங்கட பாட்டன்மாரும் கப்பல்லதான் வந்த. அந்தப் பொம்புளையளும் பாறையில ஏறீந்தா, நீங்க எங்கால மாத்தயா வந்தீங்க?”

கடை குலுங்கிச் சிரித்தது. தேத்தண்ணீர் ஒருவருக்கு மூக்கு வழியாக வந்தது. எஞ்சின் ட்ரைவர் முகம் கரியையும் மீறிச் சிவந்தது. “கற கரிதான்!” என்றார் கடைசியில். “எனக்குத் தெரியாத கரியா?”

“அப்ப வந்து பாருங்களேன்! நீங்க சொன்னா நாங்க ஒத்துக்குவம்” என்றார் நானா.

“சனிக்கிழம வாறன்” என்றார் அவர்.

நான் ஓடிப்போய் இவளிடம் சொன்னேன். “என் தந்தை இந்தக் கொட்டகைக்குள் காலே வைத்ததில்லையே!” என்று கைகளைக் கன்னத்தில் வைத்தாள். பிறகு என் சட்டையைப் பற்றினாள். அடுத்த வாரம் அத்தை வருகிறாள், வண்டிக்கு நாள் குறித்தாயிற்று என்றாள். இதை மட்டும் கதாநாயகித் தமிழில் சொல்லவில்லை, இங்கிலீசில், மெதுவாகச் சொன்னாள்.

சனிக்கிழமை மாலை ஆட்டத்துக்கு எஞ்சினிலிருந்து இறங்கிய கோலத்திலேயே வந்துவிட்டார். முகம் கழுவவில்லை. நானா அவரை முன்வரிசைக் கதிரையில் உட்காரவைத்துத் தானும் பக்கத்தில் உட்கார்ந்தார். “இந்தா வந்திருச்சு இன்னொரு சாயம்!” என்று கலரியிலிருந்து ஒரு குரல். அவர் திரும்பி முறைத்த முறைப்பில் குரல் வாங்குக்கு அடியில் போயிற்று. இவள் பியானோவில் தொடங்கிய முதல் பாட்டே தாளம் தப்பியது.

மாலுமி வந்தான். நிலா காய்ந்தது. கட்டிப்பிடித்தான். எஞ்சின் ட்ரைவர் விருட்டென்று எழுந்து திரைக்குக் கிட்டப் போனார். அவருடைய மீசையின் நிழல் மாலுமியின் மார்பில் விழுந்தது. “நிப்பாட்டு!” என்று கையைத் தூக்கினார், ரெயிலை நிறுத்துகிற மாதிரி.

“நிப்பாட்டினா படம் எரிஞ்சிரும்யா!” என்று பின்னாலிருந்து படம் ஓட்டுகிற மெசின்காரர் அலறினார்.

அதற்குள் அவர் பார்த்துவிட்டார். திரும்பி நின்றார். தன் உள்ளங்கையை நானாவின் வெள்ளைச் சட்டையில் ஓங்கி ஒரு அழுத்து அழுத்தி எடுத்தார். “இது கரி. தட்டினா உதுரும். அங்க உள்ளது அப்பிக்கிட்டிருக்கு.” பெருமூச்சு விட்டார். “சாயம்தான்.”

விசில், கைதட்டல், தொப்பிகள் பறந்தன. “எண்ட சட்ட!” என்று நானா குதித்தார். அதைப் பார்த்து எஞ்சின் ட்ரைவர் சிரித்தார். கண்ணில் நீர் வரச் சிரித்தார். அந்த மனிதருக்குப் பற்கள் இருப்பதை அன்றைக்குத்தான் கண்டேன். இப்போது இல்லாவிட்டால் எப்போதும் இல்லை என்று எனக்குள் ஒன்று சொல்லிற்று.

திரையில் மாலுமி தலைவனுக்கு முன்னால் முழங்காலில் நின்றான். எழுத்து வந்தது. நான் அதைப் படிக்கவில்லை.

“பெரியவரே!” என்றேன். “உங்கள் மகளை விரும்புகிறேன். நான் வெகுதூரத்திலிருந்து வந்தவன் அல்ல. வத்தேகமையிலிருந்து பஸ்ஸில் வந்தவன்.” சிரிப்பு எழுந்தது. பியானோ தடுமாறியது. “கப்பல் இல்லை. தொப்பிகூட இல்லை. எனக்கென்று இருப்பது ஒரு வாய். அதை அடக்க இந்த உலகத்தில் ஒருத்தியால்தான் முடியும். அவளைக் கொழும்புக்கு அனுப்பிவிட்டால் அது அடங்கவே அடங்காது, இந்த ஊர் தாங்காது.” சிரிப்பு நின்றுவிட்டது. “நான் அவளை விட்டுவிட்டு எந்தக் கப்பலிலும் ஏறமாட்டேன். கொடுங்கள் ஐயா. கேட்கப் பயந்து பயந்து உங்களிடம் ரெயில் நேரம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.”

பியானோ நின்றது. மெசினின் கடகட மட்டும் கேட்டது. அவள் இருட்டில் தகப்பனைப் பார்த்து அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

திரையில் தலைவன் பெரிதாகத் தலையை ஆட்டினான். மாட்டேன். ஈட்டியை எடுத்துத் தரையில் குத்தினான். மாட்டவே மாட்டேன். “ஐயய்யோ!” என்று கொட்டகை முழுதும் ஒரே குரலாக முனகியது.

எஞ்சின் ட்ரைவர் திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு பியானோப் பக்கம் பார்த்தார், வெகுநேரம்.

“அந்த ஆளு மாட்டேங்குறான்” என்றார். “அவன் சொல்லலாம். அவன் மகளுக்கு நீச்சல் தெரியும்.” தொண்டையைச் செருமினார். “என் மகளுக்கு நீந்தத் தெரியாது.”

ஒரு கணம் யாருக்கும் விளங்கவில்லை. நானாதான் முதலில் எழும்பினார். “அல்ஹம்துலில்லாஹ்!” என்று கத்தி, கரி படிந்த சட்டையோடு அவரைக் கட்டிப்பிடித்தார். அதற்குப் பிறகு கொட்டகையில் நடந்ததை என் வாயாலும் சொல்லி முடியாது. கலரி வாங்குகளைத் தாண்டிக் குதித்து முன்னே வந்தது. கறையை மறுபடி பார்க்க வந்திருந்த என் அம்மா கும்பலைத் தள்ளிக்கொண்டு போய் பியானோக் கதிரையிலிருந்தவளின் கன்னத்தை இரண்டு கையாலும் வழித்தாள். “நாளைக்கு வீட்டுக்கு வா. முன்வாசலால வா” என்று எஞ்சின் ட்ரைவர் என்னைப் பார்த்துக் கத்தினார். நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன், ஒன்றும் வரவில்லை, அழுகைதான் வந்தது. அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

திரையில் அந்தச் சாயம் பூசிய பெண் பாறையில் ஏறிக் கைகளை விரித்து நின்றாள். அவளுக்குக் கதை சொல்ல ஆளில்லை, பியானோவும் இல்லை. எல்லோரும் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்க, ஒருவரும் பார்க்காமலே கடலில் குதித்தாள்.